நேர்ச்சைக்கு விட்ட கோதுமை

ஜெபசிங் அண்ணாச்சியின் கால் நாறத் தொடங்கிய அதே வாரத்தில்தான் மொட்டை மாடியில் அவர் வளர்த்த கோதுமையிலும் பூச்சி விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியிருந்தவன் நான்.

ராயபுரம் கல்மண்டபத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அந்த வீடு. கீழே அண்ணாச்சியின் மளிகைக்கடை, முதல் மாடியில் அண்ணாச்சியும் அவர் மனைவி பெர்சிஸ் அக்காவும், அதற்கு மேல் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. அந்த அறையில் நான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடையில் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. ராயபுரத்தில் குடியிருப்பவனுக்கு மூக்கு என்று ஒன்று இருக்கக் கூடாது. காலையில் மீன், மத்தியானம் கருவாடு, சாயங்காலம் காற்று திரும்பினால் துறைமுகத்திலிருந்து கந்தகம். எல்லாம் பழகிவிட்டது. அண்ணாச்சியின் கால் மட்டும் பழகவில்லை. இனித்துக்கொண்டே அழுகுகிற ஒரு நாற்றம் அது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் வந்து உட்காரும்.

ஐப்பசியில் மூட்டை இறக்கும்போது ஒருவன் கைதவறிக் கொக்கியைப் போட்டுவிட்டான். அண்ணாச்சியின் வலது பெருவிரலில் விழுந்தது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. மஞ்சள்பொடி அப்பினார், தேங்காயெண்ணெய் விட்டார், புண் ஆறவில்லை. கடைக்கு வந்த யாரோ ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். கோதுமைப் புல்லை அரைத்துச் சாறு குடித்தால் ஆறாத புண்ணெல்லாம் ஆறும் என்று அதில் போட்டிருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் மனுஷன்.

மறுநாளே காசிமேட்டிலிருந்து எட்டு பழைய பிளாஸ்டிக் மீன்பெட்டிகள் வந்து இறங்கின. எத்தனை கழுவியும் அவற்றில் சூரை வாடை போகவில்லை. செம்மண் நிரப்பி, கடைக்கோதுமையை ஊறவைத்துத் தூவினார். நாளுக்கு ஒரு பெட்டி விதைப்பு, எட்டாம் நாள் முதல் பெட்டி அறுப்பு, அறுத்த பெட்டியில் மறுபடி விதைப்பு. ஏழு பெட்டி இப்படிச் சுற்றும். எட்டாவது பெட்டி மட்டும் அறுப்பதற்கு இல்லை. அது நேர்ச்சை, கோயிலுக்கு நேர்ந்துவிட்டது.

தெற்கே சாயர்புரத்துப் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். அறுப்பின் பண்டிகை என்றால் அந்தச் சனங்களுக்கு உயிர். வருஷத்தில் ஒரு ஞாயிறு, விளைந்தது எதுவோ அதைக் கோயிலுக்கு (சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்) கொண்டுபோய்ப் படைப்பார்கள். பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஏலத்தில் எடுத்தவன் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பணம் கோயிலுக்கு. ராயபுரத்துக்கு வந்த முப்பது வருஷத்தில் அண்ணாச்சி கடைச் சரக்கைத்தான் படைத்திருக்கிறார். தன் கையால் விளைவித்தது என்று ஒன்றும் இல்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு.

"இந்த வருசம் கதிரு கொண்டுபோறேன் தம்பி," என்றார் என்னிடம். "எட்டாவது பெட்டியில ஒரு தாளு கூட அறுக்கமாட்டேன். பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை பண்டிகை. அதுக்குள்ள கதிரு வரும், காலும் ஆறும். அப்படித்தான் ஆண்டவர்ட்ட பொருத்தனை பண்ணியிருக்கேன்."

கடையில் அரிசி பருப்பு புடைக்கிற கன்னியம்மா அப்போது முறத்தோடு மாடிக்கு வந்திருந்தாள். வியாசர்பாடியிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவள். அம்பது வயசிருக்கும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுகிற வாய்.

"கதிரு வரும் அண்ணாச்சி. காலு அதுவா ஆறுமா? டாக்டராண்ட காட்டினியா?"

"நீ உளுந்தப் பொடைம்மா," என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாற்றம் ஆரம்பித்தது. பெர்சிஸ் அக்கா அழுது, சாப்பிடாமல் இருந்து, புத்தாண்டுக்கு மறுநாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: விரல் செத்துவிட்டது, இந்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும், விட்டால் மேலே ஏறும். அண்ணாச்சி சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பண்டிகை முடியாமல் விரலைக் கொடுக்க மாட்டாராம். கொடுத்தால் பொருத்தனையில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம்.

"பத்து நாளுதானட்டி," என்றார் அக்காவிடம். "வலி ஒரு பொட்டு இல்ல. புண்ணு ஆறலன்னா வலிக்காதா?"

 பெர்சிஸ் அக்கா அடுப்படிக்குள் போய் மிக்ஸியைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அழுதால் கேட்காது.

அந்த மார்கழியில் வானம் மூடியே கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் வேறு நின்றது. ராயபுரத்துக் கரித்தூள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விடிந்து எழுந்தால் தலையணையில் கறுப்பு, துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு. அதனால் கோதுமைத் தாளில் கறுப்பு படிந்ததை யாரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை. கரித்தூள் என்றே நினைத்தோம். அக்கா புல்லை அறுத்து ஒரு அலசு அலசி மிக்ஸியில் போடுவாள். ஒட்டிக்கொண்டது போகாது. கரிதானே, வயிற்றுக்குள் எத்தனையோ போகிறது என்று விட்டுவிடுவாள்.

எனக்கும் தினம் அரை டம்ளர் வரும். அண்ணாச்சியே கையில் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். ஒரு காலை வைத்து, ஒரு காலை இழுத்து, கட்டுத்துணி படியில் ஈரமாகத் தடம் போட, மேலே வந்து நிற்பார். பச்சையாக, நுரையோடு, ஓரத்தில் கறுப்புப் பொடியோடு அந்தச் சாறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி," என்பேன். அவர் முகம் மலரும். "கால் பரவால்லையா?" என்று கேட்பேன். "ஆறிட்டு வருது," என்பார். நாறிக்கொண்டு நிற்கிற காலுக்கு முன்னால் நின்று, அப்படியா, சந்தோஷம் என்று சொன்ன வாய் இந்த வாய்.

செவ்வாய்க்கிழமை காலை கன்னியம்மா மாடியில் துவரம்பருப்பு காயவைக்க வந்தாள். எட்டாவது பெட்டியில் தாள் முழங்கால் உயரத்துக்கு வந்து, இளம்கதிர் நாலைந்து தலைகாட்டியிருந்தது. குனிந்து ஒரு தாளை விரலால் நீவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சாரு, இங்க வா. கரித்தூளுன்றீங்களே, கரித்தூளு நடக்குமா?"

போய்ப் பார்த்தேன். அவள் விரல் நுனியில் கறுப்பும் பச்சையுமாக ஏழெட்டுப் புள்ளி. கால் முளைத்த புள்ளி. தாளைச் சுற்றி, இலை பிரிகிற இடுக்கில், கதிரின் கழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, மூக்கைத் தாளுக்குள் குத்தி வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. பெருத்த ஒன்றின் பின்பக்கத்திலிருந்து குட்டி ஒன்று கால் உதைத்து வெளியே வந்துகொண்டிருந்தது. முட்டை கிட்டை எல்லாம் கிடையாது, நேராகக் குட்டி. உரித்துப் போட்ட சட்டைகள் மாவு மாதிரி மண்ணில் கிடந்தன. இலையெல்லாம் பிசுபிசுப்பு. அதை நக்க எறும்பு.

"இத்தத்தான் அரைச்சி குட்ச்சிகினு கீறீங்க," என்றாள் கன்னியம்மா.

நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினேன். காலையில் குடித்தது, முந்தின நாள் தின்றது, எல்லாம் வந்தது. பச்சைப் பச்சையாக வந்தது.

அண்ணாச்சி மேலே வந்து பார்த்தார். உட்கார்ந்தார். அவரும் ஓங்கரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அசுவினி," என்றார். "எங்க ஊர்ல சோளத்துல விழும். கெட்ட சவம். ஒண்ணு வந்தா ஒம்பது நாள்ல காட்ட மூடிப்போடும். சீ, இதையா குடிச்சோம்?"

மற்ற ஏழு பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இருந்தது. அறுக்கிற பெட்டியில் எட்டு நாளைக்கு மேல் தாள் நிற்காது. அறுக்காமல் விட்ட நேர்ச்சைப் பெட்டியில்தான் அவை குடும்பம் பெருக்கி, இறக்கை முளைத்து, மற்றதுக்கெல்லாம் போயிருக்கின்றன. இதை அண்ணாச்சியே சொன்னார். விவசாயம் தெரிந்தவர்.

"அப்ப அத்த தூக்கிக் கடாசு," என்றாள் கன்னியம்மா.

"அது நேர்ச்சைம்மா."

"பேனு புட்ச்ச நேர்ச்சைய எந்த சாமி கேக்குது? இல்லாங்காட்டி சோப்புத் தண்ணி அடி. எல்லாம் செத்துப் பூடும்."

"சோப்ப அடிச்சிக் கோயிலுக்குக் கொண்டுபோகவா? கையால எடுப்பேன்."

எடுத்தார். சாற்றைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணி, ஏழு பெட்டியையும் கீழே கொட்டச் சொல்லிவிட்டு, எட்டாவது பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கடையை அக்கா பார்த்துக்கொண்டாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு தாளாகப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே உருவுவார். விரலெல்லாம் கரும்பச்சைக் கூழ். பழைய துணியில் துடைப்பார், அடுத்த தாள். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பார், காறித் துப்புவார். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. பேனைப் பார்த்து முகம் சுளிக்கிற மனுஷன், ஒரு முழம் தள்ளி நீட்டி வைத்த தன் காலில் ஈ மொய்ப்பதை ஓட்டக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா சோற்றுத் தட்டோடு மேலே வந்தாள். சாளை மீன் குழம்பு. தட்டைக் கீழே வைக்கவில்லை.

"இங்கேருங்க. நாலு நாளா அந்தப் புல்லுக்குப் பேன் பாக்கிய. உங்க கால ஒரு தடவ அவுத்துப் பாத்தியளா?"

"ஆஸ்பத்திரில கட்டுனதுட்டி. அவுக்கப்பிடாது."

"ஒம்பது நாளாச்சு கட்டி. நாலு தெருவுக்கு நாறுது. நேத்து பாலுக்காரி கேக்கா, அக்கா உங்க வீட்டுல எலி செத்துக் கெடக்கான்னு. ஆமான்னு சொன்னேன். என் மாப்பிள்ளைய எலின்னு சொல்லிட்டு நிக்கேன் நான்."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணு கழியட்டும். திங்கக்கிழமை நானே வாரேன்."

"திங்கக்கிழமைக்கு அது எங்கன ஏறி நிக்குமோ."

"வலியே இல்லங்கேன். கேக்கமாட்டேங்கியே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் கொடிக்கயிற்றில் கிடந்த பனியனை மடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை கன்னியம்மாதான் கவனித்தாள். சுவரோரமாக வந்த எறும்புச் சாரை கோதுமைப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரை பெட்டிக்கு. இன்னொரு சாரை முக்காலியிலிருந்து நீட்டியிருந்த காலின் கட்டுக்குள். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. வெளியே வருகிற எறும்பு எதையோ கவ்விக்கொண்டு வந்தது. அண்ணாச்சி குனிந்து கதிரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை.

கன்னியம்மா தரையில் உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டின் வெளிப்பக்கம் ஏறிய எறும்புகளை முந்தானையால் தட்டினாள். நான் கதவோரம் நின்று மூக்கைப் பொத்தியிருந்தேன். அவள் பொத்தவில்லை.

"அண்ணாச்சி. எறும்பு உன்னைத் துன்னுகினு கீது. தெரியுதா?"

அவர் காலைப் பார்த்தார்.  பிறகு அதை அவள் மடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு, "சக்கரைக்கு எறும்பு வரத்தான செய்யும்," என்றார். பயந்துபோயிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. ஆனாலும் சொன்னார்: "நாளைக்கு ஒரு நாளுதான். வாக்குக் குடுத்தாச்சு. இதக் கொண்டுபோய் வச்சிட்டா பிறவு என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாதிய."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கியவன் நான்தான். எனக்கும் அந்தக் கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரால் தூக்க முடியாது, அக்கா தொட மாட்டேன் என்றுவிட்டாள். சந்து முனை அத்தாவுல்லாவின் ஆட்டோவில் என் மடிமேல் பெட்டி. அண்ணாச்சி ஐந்து நாள் உருவியும் மிச்சம் இருந்தது. அவர் ஒன்றை நசுக்கிவிட்டு அடுத்த தாளுக்குப் போவதற்குள் பின்னால் பத்து பிறக்கும்போல. என் சட்டை பிசுபிசுத்தது, கழுத்தில் ஊர்ந்தது. அத்தாவுல்லா ஆட்டோவின் இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

கோயிலில் அண்ணாச்சி எப்போதும் உட்கார்கிற மூன்றாவது வரிசை. பாட்டு முடிவதற்குள் அந்த வரிசையில் அவரும் அக்காவும் மட்டும். ஜெபம் முடிவதற்குள் நான்காவது வரிசையும் காலி. யாரும் முறைக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தை அழுகிறது, காற்று வரவில்லை என்று ஆளுக்கொரு சாக்கோடு நகர்ந்துகொண்டார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, பீடத்தின் முன்னால் பூசணிக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் இருந்த தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலம் விட்டவர் பெயர் கோயில்பிச்சை. கமிட்டிக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சேவல் போனது, முட்டை போனது, ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போனது. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு விலையை ஏற்றினார்கள். பிறகு கோதுமைப் பெட்டியைத் தூக்கினார்.

"நம்ம ஜெபசிங் அண்ணாச்சி தன் கையால வெளைவிச்ச கோதுமைக் கதிரு. மெட்ராசுல கோதுமை வெளைஞ்சி பாத்திருக்கியளா? நூறு ரூவா. நூறு ரூவா ஒரு தரம்."

சொல்லிக்கொண்டே தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தன. சட்டென்று பெட்டியை மேசையில் வைத்து உதறினார். "என்ன எழவு இது, பேனா?" முன்னால் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருவன் சிரித்தான். "நூறு ரூவா," என்றார் மறுபடி, தூரத்தில் நின்று. யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி பந்தலின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.  கோயிலுக்குக் கொண்டுவந்த பொருளை யாரும் கேட்கவில்லை என்றால் அதைவிட மானக்கேடு அந்தச் சனங்களுக்குக் கிடையாது.

"இருநூறு," என்றாள் பெர்சிஸ் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். கோயில்பிச்சை அவசரமாக மூன்று தரம் சொல்லி முடித்தார். அக்கா முந்தியிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதுவரை விரலால்கூடத் தொடாத அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள்.

"நீங்க படைச்சிட்டிய. பொருத்தனை முடிஞ்சு. நான் ஏலத்துல எடுத்திருக்கேன், இப்ப இது எனக்கு. சரியா?"

"சரிட்டி," என்றார்.

அவள் நேராகக் காம்பவுண்டு மூலைக்குப் போனாள். அங்கே சருகும் எச்சில் இலையும் எரிந்துகொண்டிருந்தன. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கதிரும் மண்ணும் பேனும் அந்தத் தீயில் விழுந்து புகைந்தன. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வெளியே காத்திருந்த அத்தாவுல்லாவைக் கூப்பிட்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க பாய். வீட்டுக்கு இல்ல."

அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு தானாகவே ஆட்டோவில் ஏறினார். 

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் கட்டை அவிழ்த்தார். நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். விரல் இருந்த இடத்தில் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. கறுப்பு பாதத்தில் நிற்கவில்லை. கணுக்காலைத் தாண்டி, நீலமும் சிவப்புமாக ஏறியிருந்தது. அமுக்கினால் தோலுக்கடியில் நறநறவென்றது. டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"நீங்க கூட இருக்கிறவரா?"

"மாடியில இருக்கேன் சார்."

"இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்."

அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சட்டைக்குள் அப்போதும் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிடக் கை வரவில்லை.

டாக்டர் பேனாவை எடுத்து, முழங்காலுக்கு நாலு விரல் கீழே, காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த குரலில், மெதுவாக, சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் கீழ போடக் கூடாதா சார்? ஒரு சாண் கீழ?"

"போன வாரம் வந்திருந்தா விரலோட போயிருக்கும்," என்றார் டாக்டர்.

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு விரக்கட சார். நாலு விரக்கட மட்டும்." அக்கா அவர் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்ற கையால் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.